காணவில்லை என்று ஒரு தந்தி

அண்ணன் லீவில் வந்தால், செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக எங்கள் எல்லாரையும் நிற்க வைத்து நாக்கை நீட்டச் சொல்வான். அவன் கடற்படையில் டாக்டர். அந்த நாளில் ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்க டாங்கித் தொழிற்சாலைக்காரர்களும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களும்தான். கப்பல்காரன் என்று எங்கள் வீட்டில் மட்டும்தான் ஒருத்தன். அவன் வந்த சேதி பரவினால் போதும், தெருவே நாக்கை நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும். "இன்னாடி, நாக்கு வெள்ளையா கீது? தண்ணியே குடிக்கறதில்லியா?" என்று என் தலையில் குட்டுவான். வலி உயிர் போகும். அவன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்றைக்கும் தீரவில்லை, ஆனால் அது குட்டுக்காக அல்ல.

எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையின்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. தந்தி நைனாவின் கைக்குத் தொழிற்சாலையிலேயே வந்துவிட்டது. சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்து வந்தார். கப்பல் மூழ்கிவிட்டது, உங்கள் மகனைக் காணவில்லை. அம்மா விழுந்து புரண்டாள். அண்ணி அழவில்லை. தந்தியை வாங்கித் தானே படித்துவிட்டு, "காணலன்னுதானே மாமா போட்டுருக்கு?" என்று கேட்டாள்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டோம். எதிர் வீட்டில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருந்தார். காணவில்லை என்றால் எதிரி பிடித்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம், சண்டை முடிந்ததும் கைதிகளை விட்டுவிடுவான், தன்னுடன் இருந்தவர்களே அப்படித் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று அண்ணியிடம் அடித்துச் சொன்னார். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தரைச் சண்டை. நடுக்கடலில் எவன் பிடித்து, எங்கே கொண்டுபோய் வைப்பான்? குவார்ட்டர்ஸில் ஒருத்தருக்காவது அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டாமா? எங்களுக்குத்தான் வந்ததா!

அண்ணியால் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் போனது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள், ரேடியோவைத் திருகுவாள், மறுபடி வாசலுக்குப் போவாள். அண்ணன் லீவில் வரும் பம்பாய் ரயில் ஆவடியில் நிற்காது. ஆனாலும் அது போகும் நேரத்துக்கு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவாள், கூடவே நானும் ஓடுவேன். ஓடுகிற ரயிலின் ஜன்னல்களைப் பார்த்துப் பார்த்துக் கண் எரியும்.

சண்டை முடிந்து மாதங்கள் போயின. குத்தம்பாக்கத்திலிருந்து பெரியப்பா வந்தார். உடம்பு கிடைக்காவிட்டால் வைக்கோலில் உருவம் கட்டிக் கொளுத்திக் காரியத்தை முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை கதியில்லாமல் அலையக் கூடாது, மருமகள் தாலியை இறக்கியாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அண்ணி மறுநாள் காலையில் குங்குமத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு வந்து நின்றாள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் பொட்டு இருக்கும்வரை என் அண்ணனும் இருக்கிறான் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் ஒரு நாள் பிற்பகலில் அவர் வந்தார். அந்தக் கப்பலில் அண்ணனுக்குக் கீழே மருத்துவ அறையில் வேலை பார்த்தவர், தப்பித்தவர்களில் ஒருத்தர். பூந்தமல்லிக்காரராம். ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இப்போதுதான் ஊருக்கு வந்திருந்தார். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னார்.

"சாரு மேல வந்துட்டாருக்கா. நான் பாத்தேன். கப்பல் சாஞ்சிகினு இருந்திச்சி. கீழ ரெண்டு பேரு காலு ஒடஞ்சி படுத்துகினு இருந்தாங்க. அவங்கள இட்டாரேன், நீ குதின்னு சொல்லிட்டு மறுபடி எறங்கிட்டாரு. அதுக்கப்புறம் சாரு வர்ல."

நைனா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சேதி கேட்டு வந்திருந்த எதிர் வீட்டு ஹவில்தார் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அண்ணி மட்டும் வந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல வந்துட்டாரா?"

"ஆமாக்கா."

"வந்துட்டுத் திரும்ப எறங்கினாரா? அப்ப என்னை ஒரு தபா நெனைக்கலியா?"

அண்ணி எழுந்து கிணற்றடிக்குப் போனாள். வாளியில் நீர் இறைத்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெறும் நெற்றியோடு வந்தாள். பொட்டை அழிப்பதற்கு எந்தப் பொம்பிளையையும் கிட்டே விடவில்லை. வைக்கோல் உருவமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பிறகு அண்ணி அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகி அங்கேயே தங்கிவிட்டாள். வருஷா வருஷம் கடற்படையிலிருந்து அண்ணன் படத்துக்கு மாலை போடக் கூப்பிடுவார்கள். நான்தான் போய்வருவேன். எல்லாரும் தியாகம் தியாகம் என்று பேசும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணி ஒரு முறைகூட வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

இந்த வருஷம் போய்விட்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்.

"காலு ஒடஞ்சி படுத்துகினு இருந்தாங்களே, அந்த ரெண்டு பேரு. அவங்களுக்கும் ஊட்ல பொண்டாட்டிங்க காத்துகினு இருந்திருப்பாங்க, இல்ல?"