தட்டில் எதுவும் வளரவில்லை

ஆய்வகத்தில் அவளைத் தட்டுக்காரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சளியிலோ சீழிலோ என்ன கிருமி இருக்கிறது என்று அறிய, முதலில் அதற்கு வயிறாரப் போட்டு வளர்க்க வேண்டும். அந்த உணவைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றி உறையவைப்பது அவள் வேலை. கொதித்து இறங்கிய குடுவையை முன்கையின் உட்புறத்தில் ஒற்றிப் பார்ப்பாள். தோல் பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகே ஆட்டு ரத்தம் சேர்ப்பாள். அவசரப்பட்டால் ரத்தம் வெந்து பழுப்பாகிவிடும்.

"எங்க வீட்டுக்காரர் உப்பு கூடினாலும் வாயைத் திறக்காம சாப்பிட்டுடுவார். இதுங்க அப்படியில்ல. பிடிக்கலன்னா வளரவே வளராது" என்பாள்.

வீட்டுக்காரர் தையல்காரர். மாரடைப்பில் அவர் போய்விட்ட பிறகும், அவர் பேச்சு எடுத்தால் அவள் முதலில் சொல்வது கால்விரல் கதையைத்தான்.

துணி வெட்டும் கத்தரிக்கோல் கைநழுவி அவருடைய கால் பெருவிரலில் விழுந்தது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. மாத்திரைகளுக்கும் கேட்கவில்லை. எந்தக் கிருமி என்று தெரிந்து சரியான மருந்து கொடுக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்றார் அறுவை மருத்துவர். அவளே வீட்டில் பஞ்சுக்குச்சியால் புண்ணைத் தொட்டு எடுத்து, தான் ஊற்றிய தட்டிலேயே கோடுகோடாகத் தடவினாள்.

மறுநாள் தட்டு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டும் புள்ளிகூட இல்லை. ஆய்வகத் தலைவியான மேடம், "புண்ணுல ஏதாவது போட்டிருந்தாரா?" என்று கேட்டார். இல்லை என்று அடித்துச் சொன்னாள். அப்படியானால் தப்பு தன் கையில்தான், உணவு காய்ச்சியதில்தான் என்று நினைத்தாள். அதே முறை ஊற்றியதில் மிஞ்சியிருந்த தட்டில், ஆய்வகத்தில் சோதனைக்கென்று வளர்த்துவரும் கிருமியைத் தடவினாள். மறுநாள் அது கொழுகொழுவென்று வளர்ந்து நின்றது. உணவில் குறையில்லை.

நேரே அவருடைய தையல் கடைக்குப் போனாள்.

"ஒண்ணுமே வளரலங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அதானே. நான்தான் மருந்துத் தண்ணி ஊத்தி நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு உக்காந்தேனே."

"எப்போ?"

"நீ குச்சியோட வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அங்க உன்கூட வேலை செய்யறவங்க பாப்பாங்க இல்ல? தட்டுக்காரி புருஷன் லட்சணம் இதுதானான்னு நினைக்க மாட்டாங்க?"

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. "ஏங்க, சட்டைக்கு அளவு கொடுக்க வர்றவர் தொப்பையை எக்கிக்கிட்டு நின்னா என்ன பண்ணுவீங்க?"

"மூச்சை விடுங்கன்னு சொல்லுவேன். இல்லன்னா பட்டன் தெறிச்சுடுமே."

சொல்லிவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப, இருக்கறபடியே காட்டணும்ங்கற."

"ஆமா. இல்லன்னா விரல்தான் போகும்."

அடுத்த முறை அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வெறும் உப்புநீரால் மேல் அழுக்கை மட்டும் அலசிவிட்டு, புண்ணின் ஆழத்திலிருந்து அவள் எடுத்தாள்.

இந்தத் தட்டு ஏமாற்றவில்லை. தட்டையான கிருமிக் கூட்டங்கள் படர்ந்து, அடியிலிருந்த உணவே பச்சையாகியிருந்தது. மூடியைத் திறந்ததும் அழுகும் திராட்சையின் இனிப்பு வாடை. அந்த நிறத்தையும் வாடையையும் கொண்டே மேடம் முக்கால்வாசி முடிவுக்கு வந்துவிட்டார்; மீதியை மற்றச் சோதனைகள் உறுதி செய்தன. மருந்து தோய்த்த காகித வில்லைகளை, அதே கிருமியைப் பரப்பிய இன்னொரு தட்டில் பதித்து வைத்தார்கள். அவர் விழுங்கிவந்த மாத்திரையின் வில்லையைச் சுற்றிக் கிருமி ஒட்டி வளர்ந்திருந்தது. ஓர் ஊசிமருந்தின் வில்லையை மட்டும் அது கிட்ட நெருங்கவில்லை. சுற்றிலும் அகலமாய் ஒரு வெற்று வட்டம். மேடம் உடனே அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்.

செய்தியோடு அவள் கடைக்குள் நுழைந்தபோது அவர் விரலை விட்டுவிட்டு வேறெதிலோ ஆரம்பித்தார். "யாரெல்லாம் பாத்தாங்க?"

"எல்லாரும். மேடம் மோந்தே பாத்தாங்க."

தைத்துக்கொண்டிருந்த சட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"விரலு?"

"இப்ப வெட்ட வேண்டாமாம். மருந்தை மாத்திட்டாங்க. புது ஊசிக்குப் புண்ணு கட்டாயம் கேக்கும்னு மேடம் சொன்னாங்க."

துணி மெல்ல இறங்கியது.

"அப்ப யாராவது இன்னும் பாக்காம இருந்தா, கூப்பிட்டுக் காட்டு."