பாதிப் புல்வெளி

ஓசூர் தாண்டி, சோதனைச் சாவடிக்கு முன்னால் ஜீப்பை நிறுத்துகிறேன். சாவடிக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். இந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் விருந்தினர் விடுதி. ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் அதிகாரிகள் கால்ஃப் ஆடும் அதன் புல்வெளியில், புல் வளர்வதை அடக்கும் மருந்தைப் போன மாதம் பாதிக்கு மட்டும் தெளித்துவிட்டுப் போனேன். பலன் தெரிந்தால்தான் விடுதி மேனேஜர் என்னிடம் வாங்குவார்.

ஆடிச் சாரல் குளிர்கிறது. இரண்டு பாதியும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. குனிந்து பார்க்கிறேன். மருந்து படாத பாதியில் மட்டும் நுனிகள் அறுபட்டிருக்கின்றன.

அங்கே புல்லறுத்துக்கொண்டிருக்கும் முனியம்மாவிடம் கேட்கிறேன்: "மருந்தடிச்ச பக்கம் ஏம்மா அறுக்கலை?"

அவள் மறைக்கவில்லை. "அங்க அறுக்கறதுக்கு என்னா இருக்குது சார்? அப்பிடியே நின்னுபோச்சு. இந்தப் பக்கம் வளந்தா மேனேஜருக்கு வித்தியாசம் தெரிஞ்சுடும். அதான் தினமும் வந்து சமமா அறுக்கறேன்." கூடையைக் காட்டுகிறாள். "எனக்குக் கூலியே இந்தப் புல்லுதாங்க. வீட்ல ரெண்டு எருமை நிக்குது."

மேனேஜர் குடையோடு வருகிறார். இரு பக்கமும் நடந்து பார்க்கிறார்.

"நீங்க தெளிச்சது எந்தப் பக்கம்?"

முனியம்மாவின் அரிவாள் நிற்கிறது.

"எனக்கே தெரியலை சார். இந்தக் குளிருக்கு எடுபடலை போலிருக்கு."

நல்ல மருந்துதான். டின்னைத் தூக்கி ஜீப்பில் வைக்கிறேன். பின்னால் அரிவாள் மறுபடி சரசரக்கிறது.