பட்டை கழன்ற நாய்

திருத்தணி மலைமேல் முடி இறக்குவது என் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் வந்து சேர்ந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுதிப் பழக்கமில்லை. இந்த நாய் விஷயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தால் பிடிபடுமோ என்றுதான்.

நாங்கள் வேலை செய்கிற கொட்டகைக்கு ஒரே வாசல். முடியோடு உள்ளே போகிறவர்கள் மொட்டையாக வெளியே வருவார்கள். வெளியே அம்மா இடுப்பில் இருக்கிற குழந்தை அப்பனைப் பார்த்து வீறிட்டு அழும். தினமும் நடப்பது. அப்பன் இரண்டு வார்த்தை பேசினால் அடங்கிவிடும். குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளும். அதனால் நாய் ஓடியபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்து ஆறு இருக்கும். ஏழாகவும் இருக்கலாம். சென்னையிலிருந்து காரில் ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, ஒரு நாய். பழுப்பு நிறம், தொங்கு காது. கழுத்தில் சிவப்புப் பட்டை, பட்டையில் ஒரு வில்லை. அந்த வீட்டுக்கார அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். புருஷன் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். நல்ல அடர்த்தியான முடி. தண்ணீர் விட்டுத் தேய்த்து இறக்கினேன். குளித்துவிட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

நாய் உறுமியது. அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். குரல் கேட்டும் அது பின்னால் பின்னால் போனது. தலையைத் தாழ்த்தி ஒரே இழுப்பு. பட்டை அந்த அம்மா கையிலேயே நின்றுவிட்டது. நாய் படிக்கட்டுப் பக்கம் ஓடிவிட்டது.

எனக்குப் பக்கத்துப் பலகையில் வேலை செய்கிறவன் என் மச்சான், பெண்டாட்டியின் தம்பி. "இன்னா பாவா, நீ அடிச்ச மொட்டையைப் பார்த்து நாயே பயந்துகினு ஓடுது" என்றான். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். வெளியே அந்த மனிதர் சிரிக்கவில்லை. பொழுது சாயும்வரை இரண்டு பேரும் தேடினார்கள். போகும்போது தன் கார்டை என்னிடம் கொடுத்தார். அதே நம்பர்தான் பட்டை வில்லையிலும் இருந்ததாம்.

"பட்டை இருந்திருந்தா யாராவது போன் பண்ணுவாங்க. இப்ப அதுகிட்ட ஒண்ணுமே இல்ல" என்றார்.

மறுநாள் காலை நான் மேலே போனபோது நாய் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தது.

கடைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். வரவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். அடுத்த வாரம் என்றார். அதன் பிறகு மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

நாய் பகலெல்லாம் வாசலை விட்டு நகராது. முடியோடு ஆள் உள்ளே போனால் எழுந்து நிற்கும், வாலை ஆட்டும். மொட்டையாக வருகிறவர்களை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிடும். உள்ளே போன மனிதர் இன்னும் வெளியே வரவில்லை என்று நினைக்கிறது போல, என்று நான் எண்ணிக்கொண்டேன். அந்த முடியை இறக்கியவன் நான். ஒரு மாதிரி இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் நான் கீழே இறங்கியபோது கூடவே இறங்கியது. வீட்டு வாசலில் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாய்யா இது? மேல மொட்டைங்களைப் பார்த்தது போதாதுன்னு இதையும் கூட்டிகினு வந்துட்ட?"

"சென்னைக்காரங்களுது. வந்து கூட்டிகினு போவாங்க."

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

அவள் ஒரு தட்டில் சோறு வைத்தாள். நாய் முதலில் தொடவில்லை. அப்புறம் தின்றது. அந்த மனிதர் கூப்பிட்ட பேரை நானும் சொல்லிப் பார்த்தேன். காதைக்கூட ஆட்டவில்லை. பெண்டாட்டி "தோ" என்றால் வந்தது. அதனால் எங்கள் வீட்டில் அதற்குப் பேர் இல்லை.

மாதங்கள் போயின. வெயில் காலத்தில் உண்ணி பிடித்தது. குழாயடியில் வைத்துக் கழுவிவிட்டேன். என் விரலுக்குத் தலைகள் பழக்கம். பழைய தையல், கட்டி, மரு எது இருந்தாலும் பிளேடு போவதற்குமுன் விரல் போய்ப் பார்த்துவிடும். நாயின் பிடரிக்குக் கீழே, தோலுக்கு உள்ளே, அரிசி போல ஏதோ தட்டுப்பட்டது. அழுத்தினால் நழுவியது.

"முள்ளு ஏறிகினு கீது" என்றேன்.

பெண்டாட்டி தொட்டுப் பார்த்தாள். "ஒரு கீறு கீறி எடுத்துடேன். ஊர்த் தலையெல்லாம் சிரைக்கிற. இதுக்கு இன்னா யோசனை?"

புதுப் பிளேடை உடைத்துக் கத்தியில் மாட்டினேன். நாய் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மயிரை ஒதுக்கினேன். கை போகவில்லை. ஒரு தலையில் மரு இருந்தால் நாங்கள் அதைச் சுற்றித்தான் போவோம், வெட்ட மாட்டோம். அந்தப் பழக்கமாக இருக்கும். கத்தியை மடித்துவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் சின்ன வயசு. அழுத்திப் பார்த்தார். விரலால் உருட்டிப் பார்த்தார்.

"வெட்டலாம்னு பார்த்தீங்களா?"

"ஆங். பார்த்தேங்க."

"நல்ல வேளை. முள்ளு இல்லீங்க இது. சிப்பு மாதிரி தெரியுது. ஊசியில போடுவாங்க. உள்ள ஒரு நம்பர் இருக்கும். நாய் தொலைஞ்சுபோனா யாருதுன்னு கண்டுபிடிக்கறதுக்கு."

"யாருதுன்னு தெரியுமேங்க. கார்டு கீது."

"அப்ப போன் பண்ண வேண்டியதுதான?"

"எடுக்க மாட்டேன்றாருங்க."

டாக்டருக்கும் குழப்பம்தான். சிப்பு போடுகிற அளவுக்கு அக்கறை உள்ளவர் போனை ஏன் எடுக்கவில்லை என்றார். நம்பரைப் படிக்கிற மெஷின் இங்கே கிடையாது, சென்னைக்குப் போகும்போது யாரிடமாவது கேட்டு வாங்கி வருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"பட்டையில எழுதினா போதாதா? தோலுக்குள்ள எதுக்கு?" என்றாள் பெண்டாட்டி.

"பட்டை கழண்டுகினு வந்துடும். பார்த்தேன்ல."

"அதுக்குக் கரண்ட்டு?"

"தெரியல."

"சத்தம் போடுமா?"

"தெரியலன்னு சொல்றேன்ல."

அவள் குனிந்து நாயின் பிடரியில் காதை வைத்துக் கேட்டாள். நாய் அவள் முகத்தை நக்கியது.

டாக்டர் மெஷினோடு வந்தபோது நான் வேலைக்குப் போகவில்லை. டிவி ரிமோட் மாதிரி இருந்தது. பிடரிமேல் காட்டினார். கூவென்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடியில் நீளமாக எண்கள் வந்தன. நான் காத்திருந்தேன். வேறு ஒன்றும் வரவில்லை.

"பேரு எங்கங்க?"

"பேரு இதுல வராது. இந்த நம்பர் யார் பேர்ல பதிஞ்சிருக்குன்னு சென்னையில கேக்கணும்."

கேட்டார். சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கார்டில் இருக்கிற மனிதர் பேரில் இல்லையாம். சென்னையில் ஒரு அம்மா பேரில் இருக்கிறதாம். டாக்டரே அவரிடம் போனில் பேசிவிட்டார். தீபாவளி வெடிச் சத்தத்தில் கேட்டைத் தாண்டி ஓடிய நாயாம் அது. அந்த அம்மா போனில் அழுதாராம்.

"வேற நாய் நம்பரா இருக்குமாங்க?"

"உள்ள இருக்கறது எப்பிடிங்க மாறும்?"

பட்டை ஒருவருடையது, உள்ளே இருப்பது இன்னொருவருடையது. நான் மலையேறிக்கொண்டே யோசித்தேன். அப்படியானால் அன்று நான் மொட்டை அடித்தது யாருக்கு?

மச்சான் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டான். "திருட்டு நாய் பாவா. அதான் அந்தாளு திரும்பி வரல."

"திருடினவன் கார்டு குடுத்துட்டுப் போவானாடா?" என்றாள் அவன் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "கார்டு அந்தாளுது. அரிசி இந்தம்மாவுது. சோறு மட்டும் நம்முது. நீ யாருகிட்ட குடுக்கப் போற?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. தப்பான கையில் கொடுத்துவிட்டால் அது மறுபடி ஓடும். ஒவ்வொரு தடவையும் என் வாசலுக்கே வரும் என்று என்ன நிச்சயம்?

அந்த அம்மா வந்தார். ஐம்பது வயசு இருக்கும். நரைத்த பின்னல், இடுப்புவரை. தெருமுனையில் காரை விட்டு இறங்கி அப்படியே நின்றார். கூப்பிடவில்லை. நாய் எங்கள் வாசலில் படுத்திருந்தது. மூக்கைத் தூக்கியது. அதன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ஓடியது. அவரைச் சுற்றிச் சுற்றி வந்து அங்கேயே மூத்திரம் பெய்தது. அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பெண்டாட்டி உள்ளே போய்விட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க மேலே முடி எடுக்கறவர்னு டாக்டர் சொன்னார். இது கிடைச்சா திருத்தணியில முடி கொடுக்கறேன்னு வேண்டியிருந்தேன். நீங்களே எடுத்துடுங்க" என்றார்.



"முதல்ல ஊட்டுக்குக் கூட்டிகினு போங்கம்மா. மொட்டை அப்பால போடலாம்."

"ஏன்?"

அந்த மனிதர் கதையைச் சொன்னேன். கேட்டார். "சாமிக்குச் சொன்னது. கைக்குக் கிடைச்சப்புறம் தள்ளிப்போட்டா நல்லா இருக்காது" என்றார்.

"பூமுடி குடுங்கம்மா. கொஞ்சமா எடுத்தா போதும்."

"முழுசா கொடுக்கறேன்னுதான் வேண்டிக்கிட்டேன்."

மேலே போனோம். பெண்டாட்டியும் வந்தாள். பழைய புடவைக் கரையைக் கிழித்து நாயின் கழுத்தில் கட்டி, வாசலில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாவா, மறுபடியும் கழட்டிகினு ஓடப் போவுது" என்றான் மச்சான்.

"ஓடினா நம்ம ஊட்டுக்குத்தான வரும்" என்றாள் பெண்டாட்டி. அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

பின்னலை அவிழ்த்துத் தண்ணீர் விட்டேன். இத்தனை நாள் இந்த வாசலில் நாய் யாரைப் பார்த்து எழுந்து நின்றது என்று அப்போதுதான் யோசித்தேன். ஆம்பிளைகளையா, இப்படிப் பின்னல் போட்ட பொம்பிளைகளையா? ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை. நான் உள்ளே தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடி முழுக்க இறங்கியது. அவர் குளித்துவிட்டு, சந்தனம் பூசி வாசலுக்குப் போனார். நானும் கத்தியோடு பின்னாலேயே போனேன். அடுத்த ஆள் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாய் எழுந்து நின்றது. வாலை ஆட்டவில்லை. அவரைப் பார்த்தது. அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தது. புடவைக் கரை இழுபட்டது. பெண்டாட்டி கை தளர்ந்துவிட்டது, அதை நான் பார்த்தேன். வேண்டுமென்றே தளர்த்தினாளா என்று நான் கேட்டதில்லை. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கீழே உட்கார்ந்து தலையைக் குனிந்தார். நாய் மெதுவாகக் கிட்டே வந்தது. சந்தனத்தை முகர்ந்து தும்மியது. பிறகு அந்த மொட்டைத் தலையை நக்க ஆரம்பித்தது. சந்தனம் பாதி போய்விட்டது.

போகும்போது நாய் எங்களைத் திரும்பிப் பார்த்தது. காரில் ஏறிக்கொண்டது.

கார்டு என்னிடம் இருந்தது. சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. கடைப் போனில் நம்பரைப் போட்டேன். அன்றைக்குப் பார்த்து எடுத்தார். வேலை மாறி வேறு ஊரில் இருந்தாராம்.

"நாய் இருக்கா?"

"இல்லீங்க சார். முதல்ல வளர்த்தவங்க வந்து கூட்டிகினு போயிட்டாங்க."

சிப்பு விஷயத்தைச் சொன்னேன். தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது என்றார். வாங்கிக் கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்ததாம். கையால் ஊட்டினாலும் சரியாகத் தின்னாதாம். பொய் சொல்கிற குரலாக இல்லை.

"அவங்களைப் பார்த்ததும் தெரிஞ்சுகிச்சா?"

"ஆங், தெரிஞ்சுகிச்சு சார். அவங்களும் இங்க மொட்டை போட்டாங்க."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

"மொட்டைக்கு அப்புறமும் ஓடலையா?"

"ஓடல."

"அப்ப அன்னிக்கு என்னைப் பார்த்துத்தான் ஓடிச்சா?"

எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சந்தனம் ரொம்பப் பூசிகினு இருந்தீங்க சார்" என்றேன்.

"ஆமா. கொஞ்சம் அதிகம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.