ஏறினால் இறங்கும் கிணறு

நிலத்தடி நீர் அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'டேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். மாதமொருமுறை கண்காணிப்புக் கிணற்றின் இரும்பு மூடியைத் திறந்து, டேப்பை உள்ளே இறக்குவார். நுனியிலுள்ள குண்டு தண்ணீரில் 'களக்' என்றதும், தரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று பார்த்துச் சொல்வார். அதுவே பிழைப்பு. எண் ஏறினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். இந்தச் சின்ன முரண்பாட்டோடு அவர் பல வருடங்களாக நிம்மதியாகக் குடித்தனம் நடத்திவந்தார்.

பொய்யே சொல்லாத மனிதர். வினையே அதுதான். புதிதாக வந்த இயக்குநர் ஒருநாள் தொலைபேசியில், "போன தடவை பன்னெண்டு. இப்ப எவ்வளவு?" என்றார்.

"பத்தொன்பதுங்க ஐயா."

"அப்ப ஏறியிருக்கு!"

"ஏறித்தாங்க இருக்கு."

மறுவாரமே நீர்வளம் பெருகியதற்காக டேப்புக்கு ஒரு கேடயம் வந்தது. பெருகிய ஊருக்கு லாரித் தண்ணீர் எதற்கு என்று, அவர் தெருவுக்கு வந்துகொண்டிருந்த லாரி நின்றது.

வீட்டுக் குழாய் காற்றை மட்டும் துப்பியது. மனைவி கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குழிவா ஒண்ணு குடுத்திருந்தா அரை லிட்டராவது பிடிக்கலாம். தெருவே என்னைக் கரிச்சுக்கொட்டுது. லாரியைக் கூட்டிட்டு வாங்க, இல்லாட்டி நீங்களும் வராதீங்க."

அவர் இயக்குநரின் மேசை முன் போய் நின்றார். எண் என்பது ஆழம், ஆழம் ஏறினால் மட்டம் இறங்கும் என்று விளக்கினார்.

"யோவ், ஏறிச்சா இறங்கிச்சா, ஏதாவது ஒண்ணு சொல்லு."

"ஏறினதாலதான் இறங்கிச்சுங்க ஐயா."

இயக்குநர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "சரி, தரைக்குக் கீழன்னா இனிமே முன்னால ஒரு மைனஸ் போட்டுடு. பழசைத் தொடாதே. அதுக்குக் கேடயம் குடுத்தாச்சு."

அந்த மாதம் டேப்பு மைனஸ் இருபது என்று அனுப்பினார். பத்தொன்பதிலிருந்து மைனஸ் இருபது! தலைமையகத்துக் கணினித் திரையில் கோடு தலைகுப்புற விழுந்தது. ஒரே மாதத்தில் முப்பத்தொன்பது மீட்டர் தண்ணீரைக் காணோம் என்று அலறியடித்துக்கொண்டு, ஒன்றுக்கு நாலாக லாரிகளை அனுப்பினார்கள்.

தெருவில் குடங்கள் நிரம்பின, வாளிகள் நிரம்பின, கடைசியில் பூந்தொட்டிகளும் நிரம்பின. டேப்பு மட்டும் வாளியைத் தொடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"இதுவும் தப்புக் கணக்குதாம்மா. நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன்."

"உண்மையைச் சொல்லித்தானே முதல் லாரியை நிறுத்தினீங்க?" என்றாள் மனைவி. "வாயை மூடிட்டு வாளியைப் பிடிங்க."