டெக் ஒரு வீட்டில், டிவி ஒரு வீட்டில்

கேசட் வாடகைக்கு விடுகிற தொழிலில் படம் ஓடுவது வாடிக்கையாளர் வீட்டில். விமரிசனம் ஓடுவது நம் கடையில். கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாங்கிப் போன பொருளைப் பற்றி மறுநாள் வந்து அரை மணி நேரம் பேசுகிறவர்கள் எல்லாக் கடைக்கும் உண்டு. கேசட் கடைக்கு அவர்கள் மட்டும்தான் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைசூர் விஜயநகரில், எங்கள் வீட்டு முன்னறையில், நான் ஒரு வீடியோ லைப்ரரி வைத்திருந்தேன். கணவர் தொழிற்சாலைக்குக் கிளம்பிப் போனால் பகலெல்லாம் நானும் கேசட்டுகளும்தான். கன்னடமும் ஹிந்தியும் ஒரு சுவர் முழுக்க. தமிழுக்கு ஜன்னலோரம் இரண்டு அலமாரி. மழைக்காலத்தில் டேப்பில் பூஞ்சை பிடித்துவிடும், உட்கார்ந்து துடைக்க வேண்டும். துடைத்துக்கொண்டே கேட்டவை இவை.

பெயர் மட்டும் தெரியாது

யாரும் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. கட்டட வேலைக்காகச் சேலம் பக்கத்திலிருந்து வந்திருந்த மாரியம்மா ஒருநாள் வந்து, “அக்கா, அந்தப் படம் குடுங்க” என்றாள். எந்தப் படம்? “அதான்க்கா, அவ மழையில நனைஞ்சுக்கிட்டே லெட்டரைக் கிழிப்பா. பின்னாடி ஒரு நாய் நிக்கும்.” கதாநாயகன் யார் என்று கேட்டேன். அவன் முகம் ஞாபகமில்லையாம், நாய் முகம் ஞாபகமிருக்கிறதாம்.

நானும் விடவில்லை. மற்ற வாடிக்கையாளர்களிடம் விசாரித்து, மழையில் கடிதம் கிழிக்கிற படங்களாக ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஒன்றில் மழை இருந்தது, நாய் இல்லை. இன்னொன்றில் நாய் இருந்தது, கடிதத்தைக் கிழித்தவன் வில்லன். தீபாவளி சமயத்தில் ஒருவழியாகச் சரியான கேசட் அகப்பட்டது. மறுநாள் திருப்பிக் கொடுக்க வந்தவளின் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். “இதேதான்க்கா, நாய்கூட அதே நாய்தான்” என்றவள், கேசட்டைக் கவுன்டரில் வைத்துவிட்டு யோசித்துச் சொன்னாள்: “ஆனா நான் பாத்தப்ப இன்னும் நல்லா இருந்துச்சு.”

சிரித்த இடம்

பார்த்து முடித்த கேசட்டை முதலுக்குச் சுற்றிக் கொண்டுவர வேண்டும் என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். எல்லோரும் அதைப் படிப்பார்கள், பாராட்டுவார்கள், சுற்றாமல் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் கேசட்டெல்லாம் படம் முடிந்த இடத்தில் நிற்கும். அடுத்த தெருக் கல்லூரிப் பெண் ரம்யா கொண்டுவருவது மட்டும் நடுவில் எங்காவது நிற்கும்.

ரம்யா மைசூரிலேயே பிறந்தவள். வீட்டில் அம்மா தமிழில் பேசினால் இவள் கன்னடத்தில் பதில் சொல்வாள். பழைய நகைச்சுவைப் படங்கள் அம்மாவுக்கு உயிர். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். ஏன் பாதியில் நிறுத்திக் கொண்டுவருகிறாய் என்று ஒருநாள் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். “அய்யோ, பேஜார் ஆகாதீங்க ஆன்ட்டி” என்று ஆரம்பித்தாள். “அம்மா எந்த இடத்துல ஜாஸ்தி சிரிச்சாங்களோ, அங்கேயே நிறுத்தி எடுத்துட்டு வரேன். கேட்டா, ‘சொன்னா வராதுடி’ன்னு மறுபடியும் சிரிக்கறாங்க. ஏன் சிரிச்சாங்கன்னு நீங்க பாத்துச் சொல்லுங்களேன்.”

இரண்டு வீடு, ஒரு படம்

என் நிரந்தர வாடிக்கையாளர்கள் இருவர், அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ராஜாமணி ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மைசூர் நகரத்துத் தியேட்டர்களில் படம் பார்த்து வளர்ந்தவர். பழனிச்சாமி காட்டோர ஊரான ஹனூர்ப் பக்கத்துக்காரர். சிமென்ட், கம்பி வியாபாரம் செய்து இங்கே வீடு கட்டியவர். வயதில் இளையவர் என்பதால் ராஜாமணியை ‘அண்ணா’ என்பார். ராஜாமணியிடம் கேசட் போட்டு ஓட்டுகிற டெக், மகன் வாங்கித் தந்தது, இருந்தது; நல்ல டிவி இல்லை. பழனிச்சாமியிடம் பெரிய கலர் டிவி இருந்தது, டெக் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ராஜாமணி டெக்கைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார். இரண்டு குடும்பமும் சேர்ந்து படம் பார்க்கும்.

கேசட் எடுக்கவும் சேர்ந்தேதான் வருவார்கள். ராஜாமணிக்குப் பழைய படம், பழனிச்சாமிக்குப் புதுப் படம். “அந்தக் காலத்துல ஒரு பாட்டு முழுக்க ஒரே புடவைதான் கட்டியிருப்பா. இப்ப வரிக்கு வரி மாத்தறா. மனசு எங்கேம்மா ஒட்டும்?” என்று என்னிடம் நியாயம் கேட்டார் ராஜாமணி. நான் வாயைத் திறப்பதற்குள் பழனிச்சாமி சொன்னார்: “புடவைய எண்றதுக்குத்தான் படம் பாக்கறீங்கன்னா, நேரா துணிக்கடைக்கே போயிரலாமுங்ணா.”

மணல் மேட்டுச் சண்டை

அவர்கள் இருவருக்கும் பிடித்த பழைய படம் ஒன்றே ஒன்று இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னும் நான்கு பேர் சண்டைக்கு வருவீர்கள். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம். போருக்குப் போன கணவனுக்காக ஒருத்தி தினமும் வந்து காத்திருப்பாள். கடைசியில் அவன் ரயிலைவிட்டு இறங்குவான். இதுவரை இருவருக்கும் ஒரே கதைதான். அதற்குப் பிறகு, ஓடிப் போய் அவன் மார்பில் விழுந்து அவள் செத்துப்போகிறாள் என்றார் ராஜாமணி. சாகவே இல்லை, ஓடிப் போவதோடு வணக்கம் போட்டுவிடுவார்கள் என்றார் பழனிச்சாமி.

என் கடையில் வைத்துத்தான் அது நடந்தது. முதலில் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். “நீ தூங்கியிருப்பே பழனி.” “எங்கண்ணால பாத்தனுங்ணா.” “அப்ப பொய் சொல்றே.” அதையும் பழனிச்சாமி பொறுத்துக்கொண்டார். ராஜாமணி அதோடு நிறுத்தியிருக்கலாம். “டென்டு கொட்டகையில மண்ணைக் குவிச்சு அது மேல உக்காந்தவனுக்குப் படம் என்ன தெரியும்?” என்றார். பழனிச்சாமி கையிலிருந்த கேசட்டை மெதுவாகக் கவுன்டரில் வைத்தார். முகம் சுருங்கிவிட்டது. அவர் சொன்னது என்னிடம்தான்: “இன்னைக்குக் கேசட்டு வேண்டாமுங்க அம்மணி.”

வாடகை டெக்

சனிக்கிழமைகள் வந்தன, போயின. ராஜாமணி வீட்டில் டெக் துண்டுக்குள் கிடந்தது. பழனிச்சாமி வீட்டில் டிவி செய்தி வாசித்தது. நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்.

என்னிடம் டெக்கும் வாடகைக்கு உண்டு. கோயிலுக்குப் போகிற வழியில் கடையைத் தாண்டிய பழனிச்சாமியை உள்ளே கூப்பிட்டு, புதுப் படம் வந்திருக்கிறது, டெக்கையும் எடுத்துப் போங்கள் என்றேன். படத்தில் ஒரு கதாபாத்திரம் நாயைப் போல விசுவாசமாக இருந்தால் கைதட்டுகிற ஆள் அவர். என் டெக்கை ஒருமுறை பார்த்தார். அதன் மீது தப்பில்லை என்று காட்டுவதற்கோ என்னவோ, லேசாகத் தட்டிக்கொடுத்தார். பிறகு சொன்னார்: “எங்க வீட்டு டிவிக்கு வேற டெக்கு ஒத்துக்காதுங்க.”

சரோஜாவின் விண்ணப்பம்

கார்த்திகை கழிந்து ஒருநாள் ராஜாமணியின் மனைவி சரோஜா தனியாக வந்தார். மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை நிலைத்துவிட்டது. பொங்கல் கழிந்ததும் வீட்டைக் காலி செய்துகொண்டு அங்கேயே போகிறார்கள். இத்தனை வருடம் பழகிய மனிதர்கள், ஒரு வார்த்தை பேசாமல் இப்படியே பிரிந்துவிடுவார்களோ என்பதுதான் அவர் கவலை. “சாப்பிட உக்காந்தா அந்தச் சுவரையே பாக்கறாரும்மா. போய்ப் பேசுங்கன்னா, ‘முதல்ல அவன் ஒத்துக்கட்டும்’ங்கறாரு.”

சண்டைக்குக் காரணமான படத்தைக் கண்டுபிடித்தால் முடிந்துபோகும் என்பது அவர் யோசனை. தீர்ப்பு ராஜாமணிக்கு எதிராக வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். சரோஜா சிரிக்கவில்லை: “யார் தோத்தாலும் சரி, லாரி வர்றதுக்குள்ள தோத்துடணும்.”

பெங்களூர்க்காரர்

எனக்குக் கேசட் தருகிற மொத்த வியாபாரி பெங்களூரில் இருந்தார். போன் செய்து படத்தின் பெயரைச் சொன்னேன். தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் மறுபடி கேட்டேன். அதற்கடுத்த வாரமும் கேட்டேன். பொங்கலுக்கு முன்பு ஒரு பஸ் டிரைவரிடம் பார்சலைக் கொடுத்தனுப்பினார்.

நன்றி சொல்லப் போன் செய்தேன். மனிதர் பெருமூச்சு விட்டார்: “இந்தப் படத்துல நடிச்சவங்ககூட இப்படிக் கேட்டிருக்க மாட்டாங்க மேடம்.”

விசாரணை

யார் வீட்டில் போடுவது? டெக் டிவியைத் தேடிப் போனாலும் தோல்வி, டிவி டெக்கைத் தேடி வந்தாலும் தோல்வி. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கூடத்தில், எங்கள் டெக்கில், எங்கள் டிவியில் போடுவதென்று முடிவாயிற்று. ராஜாமணி ஜன்னலோரம் உட்கார்ந்தார், பழனிச்சாமி கதவோரம். சரோஜாவும் பழனிச்சாமியின் மனைவி தெய்வானையும் மட்டும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே முறத்தில் அவரைக்காய் உரித்தார்கள்.

படம் கோடு கோடாக ஓடியது. ரயில் வந்தது. கணவன் இறங்கினான். அவள் ஓடினாள். பழனிச்சாமி நாற்காலியின் நுனிக்கு வந்து, “இப்பப் போடுவாம் பாருங்க வணக்கம்” என்றார். வணக்கம் வரவில்லை. அவள் ஓடிப் போய் அவன் மார்பில் விழுந்தாள். கீழே கேசட்காரர்கள் சேர்த்திருந்த ஊறுகாய் விளம்பரம் ஊர்ந்து போக, மேலே அவள் செத்துப்போனாள். ராஜாமணி ஜெயித்துவிட்டார். ஆனால் அவர் திரும்பிப் பார்த்தது பழனிச்சாமியைத்தான். நெருங்கிய உறவில் யாரோ போய்விட்டதுபோல உட்கார்ந்திருந்தார் மனிதர்.

அப்போது தெய்வானை அவரைக்காயிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார். “எங்கூருல கடைசி ரீலை யாரும் பாத்ததே இல்லீங்க. எல்லாரும் காட்டோரமா நடந்துதான் வீட்டுக்குப் போவோணும். ஆனை எறங்கற நேரம் ஆயிருமில்லீங்க? கொட்டகைக்காரரு ஏதாச்சும் நல்ல இடமாப் பாத்து நிறுத்தி, வணக்கம்னு சிலைடைப் போட்டு லைட்டைப் போட்டிருவாரு. எங்கப்பாதானுங்க அங்க டிக்கெட்டுக் கிழிச்சாரு.” இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். “ரெண்டு பேருல ஒருத்தரும் என்னையக் கேக்கலீங்களே” என்றார் தெய்வானை.

சரோஜாதான் முதலில் சிரித்தார். ராஜாமணி எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதவோரம் போய், பழனிச்சாமியின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “ஏன் பழனி, அப்ப நீ பாத்த படம் எதுலயும் யாரும் சாகலையா?” பழனிச்சாமி நிதானமாக யோசித்து, “நடுவுல செத்தவங்கதானுங்ணா. கடைசீல யாரும் சாகலீங்க” என்றார். ராஜாமணி அவர் தோளில் கை வைத்தார்: “அந்த மணல்ல எனக்கும் ஒரு இடம் கிடைக்காமப் போச்சே.”

லாரி வந்த நாள்

மிச்சமிருந்த சனிக்கிழமைகளில் டெக் மறுபடி துண்டில் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போனது. பொங்கலும் கழிந்தது. லாரி வந்த அன்று காலையில் நான் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது பழனிச்சாமி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் தூசி. புதுப் படம் ஒன்றை எடுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இப்பல்லாம் ஒரு பாட்டுக்கு எத்தன புடவைங்க அம்மணி மாத்தறாங்க, கணக்கே இல்லீங்க” என்றார். ராஜாமணியின் குரல் அப்படியே.

சாமான் ஏற்றியாயிற்றா என்று கேட்டேன். “பீரோ, கட்டில் எல்லாம் நானே நின்னு ஏத்தி உட்டனுங்க. டெக்கைத் துணிமணிக்கு நடுவுல வெச்சு, ஆடாமக் கட்டியாச்சு. கிளம்பறதுதானுங்க பாக்கி.” அப்படியானால் நீங்கள் அங்கே நிற்க வேண்டாமா, இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்களே என்றேன். தெருக்கோடியில் லாரி உறுமத் தொடங்குகிற சத்தம் கேட்டது. பழனிச்சாமி திரும்பவில்லை, கேசட்டின் அட்டையைப் பார்த்தபடியே சொன்னார்: “அது கடைசி ரீலுங்க அம்மணி. எங்கூருல அதைப் பாக்கற பழக்கமில்லீங்க.”

இத்தனை பேர் கருத்தையும் கேட்டுக்கொண்டு நான் எப்போதுதான் படம் பார்த்தேன் என்று நீங்கள் கேட்டால், கடையிலிருந்த அத்தனை கேசட்டிலும் நான் உட்கார்ந்து பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம் ஒன்றைத்தான், அதிலும் காபி கலக்க எழுந்து போனதில் கணவன் போருக்குப் போன காட்சி விட்டுப்போயிற்று.