குதிரைக்காரருக்கு ஆட்டு விசா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அல் குசைஸில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டர். அரபியில் ஃபாரம் அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. கவுண்டரில் ஒருவர் தன் கார்டை வைத்தார். விசா ரினிவல். பெயர் முருகையா. பரமக்குடிப் பக்கம். வயது நாற்பத்தைந்து. தொழில் என்ற இடத்தில் அரபியில் இருந்தது – ஆடு மேய்ப்பவர்.

பேச்சுக்குத்தான் கேட்டேன். "எத்தனை ஆடுண்ணே?"

"ஆடா? பிரியாணியில பார்த்ததோட சரி. நமக்குப் பதினோரு குதிரை தம்பி."

அந்த நிமிடம் பொறி தட்டியது. மாட்டோடும் குதிரையோடும் உழைக்கிறவர்களுக்கு உலகத்தில் என்னென்ன பெயர்கள்? சேகரித்தால் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்திக்கு நான்கு வாரம் ஓடுமே!

அன்றே ஆரம்பித்துவிட்டேன். நம் ஊரில் மாட்டுக்காரர் உண்டு, மேய்ப்பர் உண்டு, இடையர் உண்டு. குதிரைக்கு? ராவுத்தர் என்றால் மேலே ஏறி உட்கார்கிறவர். கீழே நின்று லத்தி அள்ளி, குளம்பு சுரண்டி, வாலைச் சீவி விடுகிறவர்? வெறும் குதிரைக்காரன். அமெரிக்காவில் மாடு ஓட்டுகிறவர் கவ்பாய். தலை நரைத்தாலும் பாய்தான்... ஆபீஸ் பாய், டீ பாய் பார்த்த நமக்கு இதை விளக்கவா வேண்டும்?

இங்கே லாயங்களில் பாகிஸ்தானியும் அரபியும் சேர்ந்து புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது. சாயிஸ். குதிரையைப் பராமரிக்கிறவர். எனக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. வினை அங்கேதான்.

டைப்பிங் சென்டரில் ஒரே ஒரு சட்டம். பழைய கார்டில் உள்ளதை அப்படியே அடி. எலக்ட்ரீஷியன் கார்டில் தோட்டக்காரன் என்று இருந்தால் தோட்டக்காரன். சமையல்காரர் கார்டில் மேசன் என்று இருந்தால் மேசன். மூன்று வருடமாக அப்படித்தான் அடித்து வந்தேன். அன்றைக்கு மட்டும் கை சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, சாயிஸ்னு போட்டுடவா? அதானே உங்க வேலை."

"எதுக்குத் தம்பி? இருக்கறது இருக்கட்டும்."

"உங்க வேலையை உங்க கார்டு சொல்ல வேணாமா?"

"கார்டு சொல்லி என்ன ஆகப்போவுது? ரீமுக்கு என்னைத் தெரியும். அது போதும்."

ரீம் ஒரு பெண்குதிரை. சினையாக இருந்தது. முருகையா அண்ணன் கையில் தவிர வேறு யார் கையிலும் பின்னங்காலைக் கொடுக்காதாம். அதன் வயிற்றைப் பற்றி, காதைப் பற்றி, கோபத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டே சாயிஸ் என்று அடித்தேன். அவருக்கு அரபி எழுத்து தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அர்பாப் என்று இங்கே சொல்லும் அவர் முதலாளிக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் ஆள் ஒருவர் உண்டு. அவர் தன் கையிலிருந்த ஃபாரம் கட்டோடு இதையும் சேர்த்து, படிக்காமலே சீல் குத்தினார்.

எனக்கு அன்று மதியச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது. ஒரு மனிதருக்கு அவர் பெயரைக் கொடுத்துவிட்டேன் அல்லவா!

இரண்டு வாரத்தில் ஃபாரம் திரும்பி வந்தது. அர்பாபின் தோட்டத்துக்கு ஆடு மேய்க்க மூன்று பேர் என்றுதான் அனுமதி. சாயிஸ் எங்கிருந்து வந்தார்? சாயிஸ் இருந்தால் குதிரை இருக்க வேண்டும். குதிரை இருந்தால் லாயத்துக்குப் பேப்பர் எங்கே? ஆபீஸில் அடுக்கடுக்காகக் கேட்டிருக்கிறார்கள். அர்பாபிடம் அந்தப் பேப்பர் இல்லை. குதிரைகளை அவர் ஆட்டுக் கணக்கிலேயே வைத்திருந்தார்.

அர்பாபுக்கு ஒரே முடிவுதான். வேறு பெரிய லாயத்துக்கு ஓட முருகையா திட்டம் போடுகிறான். அதற்குத்தான் கார்டில் தொழிலை மாற்றியிருக்கிறான். கலாஸ், முடிந்தது கதை. விசா கேன்சல்.

நேற்று முன்தினம் முருகையா அண்ணன் மறுபடி கவுண்டருக்கு வந்தார். கையில் கேன்சல் செய்யச் சொல்லும் சீட்டு. அதையும் நான்தான் அடிக்க வேண்டும்.

"இந்தத் தடவை ஆடுன்னே போட்டுரு தம்பி. ஆட்டுக்காரனா வந்தேன், ஆட்டுக்காரனாவே போறேன்."

சிரித்தார். என்னால் முடியவில்லை.

"ரீம்?"

"குட்டி போட இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள என்னை ஏத்தி விட்டுருவாங்க. புதுசா வர்ற பையன்கிட்ட சொல்லிருக்கேன், பின்னால நிக்காதடான்னு."

"அர்பாப்கிட்ட நீங்க சொல்லலையா? மாத்துனது நான்னு?"

"கேட்டான். நான்தான் மாத்தச் சொன்னேன்னுட்டேன்."

"ஏண்ணே?"

"உன் பேரைச் சொன்னா உன் ஓனருக்குப் போன் போகும். ரெண்டு பேரு ஊருக்குப் போறதுக்கு ஒருத்தன் போலாம்ல. நீ சின்னப் புள்ள."

கவுண்டரில் டீ வைத்திருந்தேன். அவர் குடிக்காமலே எழுந்து போனார். லாயத்தில் தண்ணீர் காட்ட வேண்டிய நேரமாம்.

சரியான சொல் நல்லதைத்தான் செய்யும் – இது படித்தவனின் மூடநம்பிக்கை. இந்த ஊரில் நம் கார்டில் இருக்கும் சொல் முதலாளிக்குக் கிடைத்த அனுமதியின் பெயர். நாம் அதற்குக் கீழே பத்திரமாக ஒளிந்து பிழைக்கிறோம். முருகையா அண்ணன் எட்டு வருடம் அப்படித்தான் இருந்தார். போர்வையை இழுத்துவிட்டு, பெயர் வைத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டவன் நான். அவர் வேண்டாம் என்று சொன்னார் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேன்சல் ஃபாரம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஞாயிறு காலைக்குள் ஆபீஸுக்குப் போக வேண்டும். அர்பாப் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து தோட்டத்துக்கு வருவாராம். குசைஸிலிருந்து தீவனம் ஏற்றிப் போகும் பிக்கப்பில் எனக்கு ஒரு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று வாக்கியம் அரபியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். மாற்றியது நான். அவருக்குத் தெரியாது. வேண்டாம் என்றார்.

ஓனரிடம் சொன்னேன். "போயிட்டுத் திரும்பி இங்கே வராதே" என்றார். கோபமா, எச்சரிக்கையா, தெரியவில்லை.

முருகையா அண்ணன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அதை நானே செய்யப் பார்க்கிறேன்.