அவளை எங்கே வைத்தார்கள்

முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆறேழு மாதம் ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்தோம் என்று சொன்னால், ஸ்ரீரங்கத்தில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "சாப்பாட்டுக்கு என்ன பண்ணினேள்?" அடுத்த கேள்வியை வாயால் கேட்கமாட்டார்கள். என் வயிற்றைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நாங்கள் ஊரை விட்டே ஓடினோம்.

வளைகாப்பு, சீமந்தம் எல்லாம் ஆகி, எட்டாம் மாதத்தில் ஒரு நாள் குழந்தை அசையவில்லை. தில்லைநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வயிற்றிலேயே அடங்கிவிட்டது என்று சொல்லி, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எனக்கு நினைவு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. நர்ஸ் ஒருத்தி "பொண்ணு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்னிடம் காட்டவே இல்லை. பெற்றவள் பார்க்கக் கூடாதாம். பார்த்தால் மனசு தேறாதாம், அடுத்தது தங்காதாம். என் மாமியார் சொன்னார், என் அம்மாவும் தலையாட்டினாள்.

எங்களில் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். பத்து நாள் காரியம் கிடையாது, திவசம் கிடையாது. பெண்கள் அந்தப் பக்கம் போவது கிடையவே கிடையாது. ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் எடுத்துக்கொண்டு போய்விட்டு, குளித்துவிட்டு வந்து காபி சாப்பிடுவார்கள். அதோடு சரி, வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அவளை எங்கே வைத்தார்கள்? இடம் தெரிந்தால் போய் ஒரு முழம் பூவைப் போட்டுவிட்டு வருவேன். வேறு யாரிடமும் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

என் கணவரிடம் கேட்டேன். மாமியார் எதிரில் 'ஏன்னா', தனியாக இருந்தால் 'நீ'. இரண்டு மாதிரியும் கேட்டுப் பார்த்தேன். "வேண்டாம் விடு" என்பார். எழுந்து மாடிக்குப் போய்விடுவார். கல்லுளிமங்கன். ஆனால் அந்த மௌனத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதையும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தன் கையால் மண்ணைத் தள்ளியவர், அதைச் சொல்ல வாய் வரவில்லை, பாவம் என்றே நினைத்தேன். இரண்டு வருஷம் அப்படி நினைத்துத்தான் அவரோடு குடும்பம் நடத்தினேன்.

பயணம் அவருடைய யோசனை. "நாலு ஊர் பாத்தா மனசு மாறும்" என்றார். அவர் வேலையை விட்டார். நான் ஸ்கூலில் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தேன். மாமியார் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப வந்தது என் கணவரின் அக்கா புருஷன் மட்டும்தான். அத்திம்பேர் என்று கூப்பிடுவோம். பேங்க்கிலிருந்து ரிட்டயரானவர், அதிகம் பேசாதவர், ஆஸ்பத்திரி நாட்களில் ராப்பகலாகக் கூட இருந்தவர். "ஜாக்கிரதையா போயிட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னார். நான் கிளம்பியதற்குக் காரணம் வேறு. வீடு, அம்மா, தெரு, தெரிந்த முகம் எதுவுமே இல்லாத ஏதோ ஓர் ஊரில் இந்த மனுஷன் வாயைத் திறந்துவிடுவார் என்று நம்பினேன்.

கோலாலம்பூரில் இறங்கி, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்று பஸ்ஸும் ரயிலுமாகப் போனோம். சோற்றுக்குப் பட்ட பாட்டைச் சொன்னால் ராமாயணம். 'மாமிசம் வேண்டாம்' என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, கீரையை மீன் சாற்றில் வதக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை மீன் சாறு உப்பு மாதிரி. நான் கொண்டுபோன புளிக்காய்ச்சலைச் சூடாக்கினால் ஹாஸ்டலில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். நாலு நாள் துவைக்காத சாக்ஸைக் கட்டிலில் தொங்கவிட்டிருக்கிறவர்களுக்கு நம் பெருங்காயம் நாறுகிறதாம்! எனக்கு வந்த கோபத்தில் இன்னும் ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டேன். அவர் அன்றைக்குச் சிரித்தார். அப்படிச் சில நாட்களும் இருந்தன.

ஆனால் எந்தக் கேள்விக்குப் பயந்து ஓடினோமோ, அது எங்களுக்கு முன்னால் போய் ஒவ்வொரு ஊரிலும் உட்கார்ந்திருந்தது. பேர் கேட்பதற்கு முன்னால் குழந்தை எத்தனை என்று கேட்கிறார்கள். பாஷை தெரியாவிட்டால் கையைத் தொட்டில் மாதிரி ஆட்டிக் கேட்கிறார்கள். லாவோஸில் ஒரு சந்தையில், கீரை விற்கிறவள் மடியில் கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை. என்னையறியாமல் அதன் கன்னத்தை வழித்து, என் நெற்றிப் பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறித்தேன். ஊரில் அப்படிச் செய்தால் தாய்க்காரி பூரித்துப்போவாள். இவளோ வெடுக்கென்று குழந்தையை இழுத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரியிடம் என்னைக் காட்டி ஏதோ கத்தினாள். சூனியக்காரி என்று நினைத்தாளோ என்னவோ. கூட்டம் கூடிவிட்டது. அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ரூமுக்கு வந்து விக்கி விக்கி அழுதேன். "எனக்கு யாரும் எதையும் காட்டலையே. ஊரான் குழந்தையைத்தானே தொட முடியும். எங்கே வெச்சே அவளை? சொல்லேன்" என்றேன். அவர் தண்ணீர் பாட்டில் வாங்கக் கீழே இறங்கிப் போனார்.

கடைசியாக இந்தோனேசியாவில் சுலாவேசித் தீவுக்குப் போனோம். அங்கே மலைமேல் தோராஜா என்று ஒரு ஜனம். படகைக் கவிழ்க்காமல் அப்படியே தூக்கி வைத்த மாதிரி கூரை போட்ட வீடுகள், சுற்றிலும் நெல் வயல். எங்கள் ஊரை அடுத்த ஜீயபுரம் பக்கம் பஸ்ஸில் போகிற மாதிரியே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நாங்கள் தங்கிய வீட்டுக்காரிக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள். எங்களுக்காகத் தனியாக ஒரு சட்டி வைத்து, மீன் வாடை படாமல் காய் வதக்கித் தந்தாள். இரண்டாம் நாள், "என் அம்மா உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறாள், வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டாள். கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கிக்கொண்டு போனோம்.

பின்கட்டு அறையில் பூப்போட்ட போர்வைக்குள் ஒரு கிழவி படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு கோப்பை காபி, தட்டில் சோறு. மகள் குனிந்து, விருந்தாளிகள் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று காதில் சொன்னாள். நான் கும்பிடக் கிட்டத்தில் போனேன். அந்த முகம் தோல் காய்ந்து, கறுத்து, ஒட்டிப்போயிருந்தது. மருந்து வாடை மூக்கில் ஏறியது. பெருமாளே! கிழவி செத்துப் போய் ஒரு வருஷமே ஆகிவிட்டது. எருமைகள் பலி கொடுத்து, ஊரைக் கூட்டிச் சடங்கு செய்கிற வரைக்கும் அவர்களுக்கு அவள் பிணம் இல்லை, நோயாளி. அதுவரை மூன்று வேளையும் சாப்பாடு, பேச்சு, எல்லாம் உண்டு.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அறையில் நீட்டிய காபியைத் தொடவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து ஊறிப்போனது இல்லையா, வாயைத் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல், நேராக வெளியே வந்தோம். தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டோம். துணியை அலசிப் போட்டோம்.

கொடியில் தொங்கிய ஈரத் துணிகளைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்காரி வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது. "என் அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டீர்களே. அவள் மனசு என்ன பாடுபடும்?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர்தான் இங்கிலீஷில் விளக்கினார். எங்கள் ஊரில் சாவு வீட்டில் விடைபெற்றுக்கொள்ள மாட்டோம், 'வருகிறேன்' என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிற மாதிரி ஆகிவிடும், அதனால்தான், மரியாதைக் குறைவு இல்லை என்றார்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "உங்கள் வீட்டில் யாராவது இறந்தால் அவர்களோடு எவ்வளவு நேரம் இருப்பீர்கள்?" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "இவரைக் கேளுங்கள்" என்றேன். "எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. இவர்தான் புதைத்தார். நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை." வேற்று மனுஷி முன்னால் புருஷன் மானத்தை இப்படி வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே கேட்டுப் பார்த்தவளுக்கு அந்த உரிமை உண்டு. வீட்டுக்காரி என் ஈரத் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை எங்களை ஒரு மூங்கில் தோப்பு வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கே என்று சொல்லவில்லை. நடுவில் பெரிய மரம் ஒன்று, பட்டுப்போய் நின்றது. அடிமரத்தில் அங்கங்கே சின்னச் சின்னச் சதுரங்களாகக் கறுப்பு நார் வைத்து மூடியிருந்தது. பல் முளைக்காமல் இறந்த குழந்தைகளை முன்காலத்தில் இந்த மரத்தைக் குடைந்து உள்ளே வைப்பார்களாம். வெட்டினால் வெள்ளையாகப் பால் வருகிற மரம். குழந்தை பாலைக் குடித்துக்கொண்டு மரத்தோடு வளரும் என்று நம்பிக்கை. இப்போது அந்த வழக்கம் இல்லை.

"பெற்றவள் வருவாளா?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம் வரக் கூடாது. அப்புறம் வரலாம். எது தன் குழந்தை என்று அவளுக்குத் தெரியும்" என்றாள். தன் பாட்டியின் குழந்தை ஒன்று அதில் இருக்கிறது என்று மேலே ஒரு சதுரத்தைக் கை நீட்டிக் காட்டினாள். காட்டிவிட்டு, தோப்பின் ஓரத்துக்குப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

"என்ன தெரியாது?"

"எடம். நான் போகலை. வெள்ளைத் துணில சுத்திக் கொண்டுவந்து குடுத்தா. கைல வாங்கினேன். பயமா இருந்தது. அத்திம்பேர் கைல குடுத்துட்டு கேன்டீன்ல போய் உக்காந்துட்டேன். அவர்தான் தனியா ஆட்டோல போனார்."

"மொகம்?"

"துணியைப் பிரிக்கலை."

அவரை அடித்தேன். முதுகில், தோளில், கை வலிக்கிற வரை. அவர் தடுக்கவில்லை. அதுவரை எனக்கு ஆறுதலாக இருந்தது ஒன்றுதான். நான் பார்க்காவிட்டாலும் அப்பாக்காரன் பார்த்திருக்கிறான், இந்த வீட்டில் ஒருத்தர் நெஞ்சிலாவது அவள் முகம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். தேற்றத் தோன்றவில்லை எனக்கு. இப்போதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் அந்தத் தோப்பில் ஒன்று அறுந்தது, அது அறுந்தபடியேதான் இருக்கிறது.

அங்கேயே நின்று அத்திம்பேருக்குப் போன் போட்டேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அவர் குரலைக் கேட்டதும் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அத்திம்பேர், இவர் எல்லாத்தையும் சொல்லிட்டார். கொழந்தையை எங்கே வெச்சேள்?"

"இப்போ எதுக்கும்மா அதெல்லாம்? நன்னா ஊரைப் பாத்துட்டு வாங்கோ."

"எனக்கு எடம் தெரியணும்."

"கொள்ளிடக் கரைலதான். மயானத்துக்குள்ள வேண்டாம்னு தோணித்து. கொஞ்சம் தள்ளி, நாணல் ஓரமா நல்ல மணல். நானே கையால தோண்டினேன். மூடறதுக்கு முன்னாடி துணியை வெலக்கி ஒருதரம் பாத்தேன். மூக்கும் முழியுமா இருந்தாம்மா. நெறைய முடி."

மரத்தைப் பிடித்துக்கொண்டேன். "ஊருக்கு வந்ததும் என்னை அங்கே அழைச்சிண்டு போறேளா?"

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். "அத்திம்பேர்?"

"அங்கே ஒண்ணும் இல்லைம்மா. அந்த ஆடிலேயே வெள்ளம் வந்துடுத்தே. கரையே போயிடுத்து."

அந்த வெள்ளம் எனக்குத் தெரியும். மேட்டூரிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் கொள்ளிடத்தில் இரு கரையும் புரண்டு போகிறது என்று ஊரே பாலத்துக்கு ஓடியது. குழந்தை போனபின் அறையை விட்டே வராமல் கிடந்த என்னை, "போய் காத்தாட நின்னுட்டு வா" என்று மாமியார்தான் அனுப்பினார். நானும் இவரும் அத்திம்பேரும் போனோம். பாலம் முழுக்கக் கூட்டம். ஜனங்கள் தண்ணீரில் பூவை வீசிக்கொண்டிருந்தார்கள். வேக வைத்த சோளம் வாங்கித் தின்றேன். செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போன அந்தத் தண்ணீரைப் பார்த்து, எவ்வளவு அழகு என்று கம்பியில் சாய்ந்து கத்தினேன். போனில் வீடியோ எடுத்தேன்.

"அன்னிக்கு நீங்களும் எங்களோட பாலத்துல நின்னேளே" என்றேன்.

"நின்னேன்" என்றார் அத்திம்பேர். "ஆத்தைப் பாக்க முடியலை. ஒன் மொகத்தைத்தான் பாத்துண்டு இருந்தேன். அத்தனை நாளைக்கு அப்பறம் அன்னிக்குத்தான் சிரிச்சே. நான் என்னன்னு சொல்லுவேன்?"